பாட்டில் அடியில் மஞ்சள் பிணம்

"ஐயோ... மறுபடியும் செத்துடுச்சு!"

மருமகளின் அலறல் ஆய்வுக்கூடத்தை உலுக்கியது.

அவள் மாமனார், பானத் தொழிற்சாலையின் முதலாளி, ஓடி வந்தார். அவர் பின்னாலேயே, அவர் அமர்த்திய துப்பறிவாளர். பட்டப்பெயர் மூக்கு.

நேற்று நிரப்பிய பாட்டில். மேலே தெளிந்த நீர். அடியில்... மஞ்சள் சேறு!

"பாத்தீங்களா மூக்கு சார்? மஞ்சள் கிழங்குச் சத்து சேர்த்த புளிப்பு பானம். வாங்கறவங்க சாயங்காலம் வர்றாங்க. தினமும் கெடுது. இவதான் போட்டிக் கம்பெனிக்கு விலை போயிட்டா!"

"மாமா! நான் பெத்ததை நானே கொல்லுவேனா?"

"இன்னைக்கும் கெட்டா லேப் சாவியை வெச்சுட்டு கிளம்பு!"

மூக்கு பாட்டிலைச் சாய்த்துப் பார்த்தார்.

"செத்தவரைப் பத்திச் சொல்லும்மா."

அவள் முகம் மலர்ந்தது. கேட்க ஒரு ஆள் கிடைத்துவிட்டாரே!

"மஞ்சள் சத்து தண்ணியில கரையாது சார். பால் புரதத்துல நுண்ணுண்ணு உருண்டை செஞ்சு, உள்ள ஒளிச்சு வைக்கறேன். ஒரு முடியோட அகலத்துல நூத்துக்கணக்குல நிக்கும்!"

"புளிப்பு பட்டா பால் திரியுமே?"

"அதேதான்! உருண்டைங்க மேல மின்னூட்டம் இருக்கு. ஒண்ணையொண்ணு தள்ளி விட்டுக்கும். புளிப்பு ஏற ஏற அது போயிடும். கட்டிப்பிடிச்சுக்கும்... மூழ்கிடும்! அதனால, உருண்டைங்களைப் பாத்திரத்துல சுத்த விட்டுட்டு மதியம் சாப்பிட்டு வந்ததும், பழத்தோல்ல எடுக்கற பெக்டினால ஒரு சட்டை போட்டு விடுவேன். அப்புறம்தான் சிட்ரிக் அமிலத் தூள்."

"எலுமிச்சம்பழம்?"

"இந்த லேப்லயே கிடையாது!"

மூக்கு சேற்றை வடிகட்டினார். இடுக்கியில் எதையோ தூக்கினார்.

எலுமிச்சை விதை!

அவர் மூக்கு காற்றை முகர்ந்தது... வளைந்தது... முதலாளியின் கோட்டுப் பையருகே நின்றது.

உள்ளே... இன்றைக்கு வேண்டிய எலுமிச்சம்பழம்!

"அது... அவ சாப்பிடப் போனதும் ஒரு சொட்டு ருசி பார்ப்பேன். புளிப்பே இருக்காது. என் நாக்கு சும்மா இருக்குமா? பிழிஞ்சு விட்டுடுவேன்..."

"சட்டை போடறதுக்கு முன்னாடியேவா மாமா? மூடின பாத்திரத்துக்குள்ள சுத்திக்கிட்டே இருக்கும், திரிஞ்சது எனக்குத் தெரியாது. தினமும் திரிஞ்ச கட்டிங்களுக்குத்தான் சட்டை மாட்டியிருக்கேன்!"

அன்று மாமா வெளியே. சாவி மருமகளிடம்.

மாலையில் வந்தவர்கள் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே மஞ்சள். அடியில் துளி சேறு இல்லை!

"அப்போ நான் என்னதான் செய்யணும்?" என்றார் முதலாளி பரிதாபமாக.

"முதல்ல பெக்டின், அப்புறம் புளிப்பு. அவ்வளவுதான் மாமா."

மூக்கு தொப்பியை எடுத்துக்கொண்டார்.

"ஒருத்தர் சட்டை மாட்டி முடிக்கறதுக்குள்ள கதவைத் திறக்கக் கூடாது சார்!"