தவசியின் மூச்சு

முகத்தை மூடியிருந்த வெள்ளைத் துணி, வாய்க்கு நேராகக் குழிந்திருந்தது. சோணையம்மாள் அதை இழுத்துச் சமமாக்கினாள். ஈரத்தில் ஒட்டியிருக்கும். அதற்கு மேல் யோசிக்க அவளுக்குத் தெம்பில்லை. மாற்று நர்ஸ் வராததால் நேற்றிலிருந்து நின்றுகொண்டேயிருக்கிறாள். கணுக்கால் இரண்டும் செருப்பு வாருக்கு மேலே வீங்கியிருந்தன.

துணிக்குள் கிடந்தவன் தவசி. கப்பலூர்ப் பக்கம் ஓர் ஐஸ் பேக்டரியில் பனிக்கட்டி அடுக்குகிறவன். குளிர் அறைக்குள் அவன் இருப்பது தெரியாமல் யாரோ ராத்திரி கதவைப் பூட்டிவிட்டார்கள். இன்று மத்தியானம், கொட்டுகிற மழையில், உடன் வேலை செய்கிறவர்கள் டெம்போவில் போட்டு இந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவந்தார்கள். அழகுமலை டாக்டர் மூச்சைக் கிளப்புகிற கோரமின் ஊசியைப் போட்டார். நெஞ்சை அமுக்கினார். மறுபடி ஊசி. மறுபடியும். ஒன்றும் அசையவில்லை.

"உடம்பு இம்புட்டுக் குளுந்து கெடந்தா மருந்து எடுபடாது சிஸ்டர். போட்ட எடத்துலயே தூங்கும்" என்று கையைக் கழுவிக்கொண்டு, போலீசில் சொல்லிவரத் திருமங்கலம் கிளம்பினார். மற்றவர்களும் அவரோடு போனார்கள்.

பொழுது சாய்கிற நேரத்தில் தவசியின் மனைவி மாயக்காள் நனைந்தபடி வந்தாள். அவள் அழவில்லை. துணியை விலக்கி, புருஷனுடைய பாதங்களை மடியில் எடுத்துவைத்துத் தேய்க்கத் தொடங்கினாள்.

"நர்ஸம்மா, கொஞ்சம் வெந்நி குடுங்க."

"எதுக்குத்தா?"

"இவுகளுக்குக் குளுருதுல்ல."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் விளக்கம் சொல்ல வேண்டும், அவள் அழுவாள், தாங்கிப் பிடிக்க வேண்டும். சோணையம்மாள் ஸ்டவ்வைப் பற்றவைத்தாள். கொதித்த தண்ணீரை இரண்டு ரப்பர் பைகளில் ஊற்றி, ஒன்றை அவன் வயிற்றிலும் மற்றொன்றை அக்குளிலும் வைத்தாள். பிறகு சுவரோரம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடினாள்.

தகரக் கூரையில் மழை சீராக இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு அடியில் மாயக்காளின் உள்ளங்கை தோலில் தேய்கிற சரசரப்பு, டெட்டாலும் நனைந்த சேலையும் மண்ணெண்ணெயும் கலந்த வாடை, கண்ணிமைக்குப் பின்னால் மெல்ல மங்கிவரும் ஜன்னல் வெளிச்சம், எல்லாம் சேர்ந்து சோணையம்மாளைத் தூக்கத்துக்குள் இழுத்துக்கொண்டிருந்தபோது, தேய்க்கிற சத்தம் நின்றது. அந்த இடத்தில் வேறொரு சத்தம் வந்தது. யாரோ நீளமாக உறிஞ்சுவதுபோல.

"மூச்சு வருது! நர்ஸம்மா, மூச்சு வருது!"

தவசியின் நெஞ்சு ஏறியது. இறங்கியது. தூங்கிக் கிடந்த மருந்தெல்லாம் சூடு பட்டதும் ஒன்றாக விழித்துக்கொண்டதா? உயிரோடிருந்தவனையா துணியால் மூடினோம்? சோணையம்மாள் ஓடிப்போய் ஸ்டெதாஸ்கோப்பை அவன் நெஞ்சில் வைத்தாள். உள்ளே காற்று போய்வரும் ஓசை, குகைக்குள் கேட்பதுபோலப் பெரிதாகக் கேட்டது.

காற்று மட்டும்தான். இதயம் துடிக்கவில்லை.

இடம் மாற்றி வைத்தாள். கழுத்தைத் தொட்டாள். இல்லை. அவன் வாயிலிருந்து வந்த மூச்சு அவள் கன்னத்தில் பட்டது. ஐஸ் பெட்டியைத் திறந்ததுபோல இருந்தது. கண்கள் பாதி திறந்திருந்தன, மேலே ஈரப்பசை இல்லை.

"வெந்நி ஆறிப்போச்சு பாருங்க, இன்னுங் குடுங்க" என்றாள் மாயக்காள்.

வயிற்றின் மேலிருந்த பையைச் சோணையம்மாள் தூக்கினாள். உள்ளே ஏதோ கடகடத்தது. ஐஸ். கொதிக்கக் கொதிக்க ஊற்றிய தண்ணீர்.

"ஏத்தா, தள்ளி வா. அவரத் தொடாத."

மாயக்காள் கேட்கவில்லை. கட்டிலில் ஏறிப் புருஷனை முழுக்கக் கட்டிக்கொண்டு, நெஞ்சில் தலையைச் சாய்த்துவிட்டாள். "நல்லா மூச்சு வுடுறாக" என்றாள். பேச்சு குழறியது. "எனக்குத்தேன்... கண்ணச் சொருகுது..."

மூச்சு வேகமானது. பலத்தது. சோணையம்மாள் அவளுடைய தோளைப் பிடித்து இழுத்தாள். தோள் விறைத்திருந்தது. நனைந்த கூந்தலில் வெள்ளையாகப் பூத்திருந்தது. உறைபனி. மாயக்காளின் மூக்கடியில் விரலை வைத்தாள். ஒன்றுமில்லை.

தவசியின் நெற்றியில் வியர்வை.

அவனுடைய ஒரு கை எழுந்தது. பிள்ளையைத் தூங்கவைப்பதுபோல மாயக்காளின் முதுகைத் தட்டிக்கொடுத்தது. மெதுவாக. மறு கை சோணையம்மாளின் மணிக்கட்டைப் பிடித்தது.

சூடான கை. நாடியில்லாத கை.

கத்த வாயைத் திறந்தாள். கத்துவதற்குக் காற்று வேண்டும். நெஞ்சு காற்றை இழுக்கவில்லை. முழங்கை வரை மரத்தது. பிறகு தோள். பிறகு கால் வலி போனது. நேற்றிலிருந்து முதல்முறையாகக் கால் வலிக்கவில்லை. அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். இப்போது மூச்சு முட்ட வேண்டும், நெஞ்சு அடைக்க வேண்டும் என்று காத்திருந்தாள். முட்டவில்லை. அடைக்கவில்லை. மூச்சு விட வேண்டும் என்றே தோன்றவில்லை.

அவன் நெஞ்சு ஏறியது. மாயக்காளின் தலையும் அதோடு ஏறியது. சோணையம்மாளின் தோள்களும் ஏறின.

இறங்கின.