பதினோரு நாள் காற்று

முதல் மணி அடித்ததும் சுவர்க்குழாய் சீறியது. முப்பது பிள்ளைகளுக்கு நான்கு மணி நேரத்துக்கான காற்று வகுப்பறைக்குள் இறங்கியது. அதன் பிறகே தலைக்கவசத்தைக் கழற்றலாம். உரக்கச் சிரித்தால் வெளியே நிற்க வேண்டும். வெளியே என்பது செவ்வாய். யாரும் சிரிப்பதில்லை.

அந்தக் குடியேற்றத்தில் அரசு பட்ஜெட் பாடம் ஒரு விளையாட்டு. மாணவர்தான் நிதியமைச்சர். துறைகளுக்குக் காற்றை ஒதுக்க வேண்டும். போதாவிட்டால் திரையில் குடிமக்கள் விழுவார்கள்.

இந்த வாரம் அதில் உண்மையான எண்கள் இருந்தன. பூமியின் கப்பல் வர நாற்பது நாள். இருப்பு இருபத்தொன்பது நாளுக்கு. நான்கு முறை கூடியும் முடிவெடுக்க முடியாத ஆட்சி மன்றம், கணக்கைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டது. மாலைக்குள் வரும் சிறந்த ஆட்டம் சட்டமாகும்.

ரஃபீக் பத்தே நிமிடத்தில் முடித்தான்.

"மருத்துவ அறையை மூடு, துண்டு விழாது" என்றவன், பக்கத்தில் இருந்த இன்னிலாவைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டான். "ஸாரி. உங்கம்மா அங்கதான இருக்காங்க?"

இருந்தார். தூசி அரித்த நுரையீரலோடு, இரண்டு பேரின் காற்றில்.

இன்னிலா முப்பத்திரண்டு முறை ஆடினாள். ஒவ்வொரு முறையும் யாரோ விழுந்தார்கள். கடைசியில் ஒவ்வொரு குழாயாகத் தொடர்ந்து போனாள். ஒன்று மன்ற மண்டபத்தில் முடிந்தது. ஆண்டுக்கு இரண்டே பொதுக்கூட்டம். ஆண்டு முழுவதும் காற்று. அதை உறிஞ்சி இருப்பில் சேர்த்தாள். பதினோரு நாள். யாரும் விழவில்லை.

"டீச்சர், சரியா?"

செசிலி டீச்சர் இரண்டு முறை சரிபார்த்தார். "சரிதான்டி. எங்க யாருக்கும் தோணலையே!"

அவள் ஆட்டம் சட்டமானது. மூன்றாம் நாள் இன்னிலாவுக்குப் பாராட்டு விழா. ஆயிரம் பேர் கொள்ளும் இடம் மன்ற மண்டபம் மட்டுமே என்பதால் அங்கே மறுபடி காற்று நிரப்பினார்கள்.

காற்று வெளியேறாதபடி ஊழியர்கள் வரும் சிறிய காற்றுப்பூட்டு வழியாக நுழையப் பிரமுகர்கள் மறுத்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனி வருகை, தனி மாலை. ஒவ்வொரு முறையும் கூட்டம் கவசம் மாட்டிக்கொண்டது, பெருவாசல் திறந்தது, மண்டபத்தின் காற்று செவ்வாயில் கலந்தது, வாசல் மூடியதும் புதிதாக நிரப்பினார்கள். பதினேழு பிரமுகர்கள்.

மேடையில் எட்டுப் பொன்னாடைகளுக்குள் நின்ற இன்னிலா சுவரிலிருந்த காற்றுமானியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாங்க முடியாமல் மன்றத் தலைவர் ஆரோக்கியதாஸின் கையைப் பிடித்தாள்.

"ஐயா, நிறுத்தச் சொல்லுங்க. காத்தெல்லாம் போகுது."

தலைவர் மைக்கைப் பொத்திக்கொண்டார். "எவ்வளவும்மா போயிருக்கும்?"

"பதினோரு நாள்." குரல் உடைந்தது. "எங்கம்மா..."

"அழாதம்மா, போட்டோ எடுக்கிறாங்க." ஒன்பதாவது பொன்னாடையை அவள் தோளில் போர்த்தினார். "ரஃபீக்னு ஒரு பையன் ஆட்டம் இருக்காமே, அதை எடுத்துக்குவோம். அடுத்த வாரம் அவனுக்கும் ஒரு விழா வச்சிட்டாப் போச்சு."