பச்சை வளைக்காரர்களின் கடல்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கதவோரம் நிற்கிறவர்களும் வாருங்கள், இடம் இருக்கிறது. காலை நீட்டிக்கொள்ள வேண்டுமானால் நீட்டிக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். கடலைப் பார்க்கப் போன ஓர் அம்மாவின் கதையைச் சொல்லப்போகிறேன். ஒரே பகலில் தொடங்கி, அந்தப் பகல் சாய்வதற்குள் முடிந்துவிடும். ஆனால் முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் உங்களை நிம்மதியாக இருக்க விடாது. அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

இனி வரப்போகிற ஒரு காலத்தில் நடந்தது இது.

கோவில்பட்டியிலிருந்து ‘பாலையும் பவளமும்’ என்று ஒரு சுற்றுலா பஸ் புறப்படும். காலையில் தேரி, மதியம் கடல், பொழுது சாயும்போது வீடு. பஸ்ஸில் ஏறும்போதே கண்டக்டர் எல்லோருடைய மணிக்கட்டிலும் ஒரு வளையை மாட்டிவிடுவார். துடிப்புவளை என்று பெயர். நெஞ்சு அமைதியாக இருந்தால் பச்சை, கொஞ்சம் தடுமாறினால் மஞ்சள், படபடத்தால் சிவப்பு. தலைக்கு எண்ணெய் கூடாது, முகத்துக்குப் பவுடர் கூடாது, பூ கூடாது, கடலுக்கு ஆகாது. இதெல்லாம் ஊருக்கே பழகிப்போன சங்கதி, யாரும் முணுமுணுப்பதில்லை.

அன்றைக்கு அந்த பஸ்ஸில் செண்பகவடிவு என்ற அம்மா ஏறினாள். வீட்டில் வடிவு. பஸ் நிலையத்தைத் தாண்டும் முன்பே அவள் வளை சிவந்துவிட்டது. வளையை முந்தானைக்குள் மறைத்தாள், எடுத்துப் பார்த்தாள், மறுபடியும் மறைத்தாள். ஜன்னலைத் திறந்தாள், மூடினாள். பக்கத்தில் அவள் கணவர் ஆவுடையப்பன் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். அவர் வளை இளம் வாழையிலை மாதிரிப் பச்சையாக இருந்தது. அந்தப் பச்சையைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆத்திரம் வந்தது.

தேரி என்றால் செம்மணல் காடு. அந்தக் காலத்தில் அது வளர்ந்து, ஊர்களை விழுங்கி, கடற்கரை வரைக்கும் வந்துவிட்டிருந்தது. கிணறுகள் வறண்டு எல்லோரும் போன பிறகும் சில குடும்பங்கள் மட்டும் அங்கேயே தங்கி, அந்த மணலுக்கென்று ஒரு வாழ்க்கையை உண்டாக்கிக்கொண்டன. வந்தவருக்கு முதலில் தண்ணீர், பிறகுதான் பெயர் கேட்பார்கள். குடித்த குவளையின் கடைசி மடக்கை முள் உடைமரத்தின் காலடியில் ஊற்றிவிட வேண்டும். இன்னொரு வழக்கம் எல்லாவற்றையும்விடப் பெரியது. தேரிக்காரர்கள் பொய் சொல்வதில்லை. அடுத்த மேட்டில் தண்ணீர் இருக்கிறதா என்று ஒருவரையொருவர் கேட்டுப் பிழைக்கிற இடத்தில், ஒரு பொய் ஓர் உயிரைக் கொன்றுவிடும். அதனால் விளையாட்டுக்குக்கூட அவர்கள் வாயில் பொய் வராது. அரசாங்கம் கடலின் காவலை அவர்களிடம் கொடுத்ததற்கும் அதுதான் காரணம்.

வந்தவர்களை மணலில் படுக்கவைத்தார்கள். மேல்மணல் காலைச் சுடும். ஒரு முழம் தோண்டினால் குளிர்ச்சி. அந்தக் குழியில் படுக்கவைத்து, கழுத்து வரை மண்ணைப் போட்டு மூடுவார்கள். மண்ணின் கனத்தில் நெஞ்சு மெல்ல அடங்கும். பக்கத்திலேயே ஒரு தேரிப் பெண் உட்கார்ந்து கைப்பிடி மணலை விரலிடுக்கில் ஒழுகவிட்டுக்கொண்டே இருப்பாள். அந்தச் சத்தத்தில் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள்.

வடிவுக்குப் பக்கத்தில் இருந்தவள் ஞானபுஷ்பம். நாற்பது வயதிருக்கும், வெயிலில் கறுத்து வற்றிய உடம்பு. மதியம் இவர்களைக் கடலுக்குக் கூட்டிப் போகிறவளும் அவள்தான்.

"ஏக்கா, கால்விரல் மறுபடியும் வெளிய வந்துட்டு," என்று மண்ணை அள்ளிப் போட்டாள். "மண்ணுக்குள்ள கெடக்கது அம்புட்டுக் கஷ்டமாவா இருக்கு?"

"மண்ணு என்ன செய்யும். மனசுல்லா கெடக்க மாட்டேங்கு."

"அந்தா பாருங்க, அண்ணாச்சி எப்படிக் கெடக்காவ. உசுரு இருக்கான்னு மூக்குல கை வச்சுப் பாத்துக்கிட்டேன்."

"அவுகளுக்கென்ன. இடி விழுந்தாலும் எங்கன விழுந்துச்சுன்னு கேட்டுட்டுத் திரும்பிப் படுப்பாக," என்றாள் வடிவு. சொன்ன பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

எதற்கு இத்தனை பாடு என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

கடல் சூடேறிப் பழைய பவளமெல்லாம் செத்துப்போனது. பவளத்திட்டு அலையைத் தடுத்துக்கொண்டிருந்தது என்பதே, அது போன பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது. கடல் வந்து தெருத்தெருவாகக் கொண்டுபோயிற்று. அப்புறம் அறிவாளிகள் கூடி, கொதிக்கிற தண்ணீரிலும் வளரும் ஒரு புதுப் பவளத்தை உருவாக்கினார்கள். உணர்பவளம். அது வளர்ந்தது, அலையைத் தடுத்தது, கரையைக் காத்தது. ஆனால் அதற்கு ஒரு குணம். தொட்டாற்சிணுங்கி மாதிரி. பக்கத்தில் ஒரு மனித நெஞ்சு படபடவென்று அடித்தால் அதற்குத் தாங்காது. தன் நிறத்தையெல்லாம் கக்கிவிட்டு எலும்பாய் வெளுத்துவிடும். வெளுத்த இடம் மறுபடி நிறம் பிடிக்கப் பல வருடங்கள் ஆகும்.

அதனால்தான் சட்டம். பச்சை வளைக்காரர் கடலில் இறங்கலாம். மஞ்சள் என்றால் படகோடு சரி. படகின் அடித்தட்டு துடிப்பைத் தண்ணீருக்குக் கடத்தாது. சிவப்பு என்றால் மணலிலேயே இருக்க வேண்டும். சிவப்போடு தண்ணீரைத் தொட்டவர் ஆயுசுக்கும் அந்தக் கரைக்கு வர முடியாது.

பவளத்தைப் பார்த்துக்கொள்ளக் கடலுக்குள்ளேயே ஆட்கள் உண்டு. பவளமேய்ப்பர்கள். பள்ளிக்கூடங்களில் சோதித்து, எதற்கும் பதறாத பிள்ளைகளாகப் பொறுக்கி எடுத்து, அவர்கள் கழுத்தில் செவுள் வைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அவர்களால் காற்றில் மூச்சுவிட முடியாது. வருடத்தில் ஒருநாள், இந்த பஸ் வரும்போது, பெற்றவர்கள் முகமூடியும் ஸ்நார்க்கல் குழலும் மாட்டிக்கொண்டு இறங்கிப் பார்க்கலாம், நெஞ்சு பச்சையாக இருந்தால்.

வடிவின் ஒரே மகள் தாமிரா அங்கேதான் இருந்தாள்.

போகிறேன் என்று அவள் சொன்னபோது அப்பா கையெழுத்துப் போட்டார். அம்மா அவளோடு பேசுவதை நிறுத்தினாள். கிளம்புகிற அன்றும் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. அதற்குப் பிறகு வருடம் தவறாமல் வருகிறாள், வருடம் தவறாமல் வளை சிவந்து மணலில் உட்கார்ந்திருக்கிறாள். ஆவுடையப்பன் மட்டும் இறங்கிப் பார்த்துவிட்டு வருவார். எப்படியிருக்கிறாள் என்றால் நன்றாக இருக்கிறாள் என்பார். என்னைக் கேட்டாளா என்றால், தண்ணீருக்குள் எப்படிக் கேட்பாள் என்பார். பதறாத பிள்ளை என்று பார்த்துத்தானே எடுத்தார்கள், அப்பாவைப் போலவே கல், அம்மாவை மறந்திருப்பாள் என்று வடிவு நினைத்துக்கொண்டாள். அந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளத்தான் அவளுக்கு மகளைப் பார்க்க வேண்டும்.

ஞானபுஷ்பம் மணலை ஒழுகவிட்டுக்கொண்டே, சின்னப் பிள்ளையில் மகள் எப்படி என்று கேட்டாள். வடிவு சொல்ல ஆரம்பித்தாள். சுருட்டை முடியாம், ஓயாமல் பேனாம். மடியில் கிடத்திப் பேன் பார்க்கப் பார்க்க அப்படியே தூங்கிவிடுவாளாம். தூங்கின பிறகும் பேன் தேடுகிற சாக்கில் விரலை முடிக்குள் விட்டபடியே உட்கார்ந்திருப்பாளாம் இவள். சொல்லிக்கொண்டே வந்தவள் குரல் தாழ்ந்தது. ஞானபுஷ்பம் மண்ணை விலக்கிக் கையை எடுத்துப் பார்த்தபோது வளை மஞ்சளாக இருந்தது.

"படகுக்கு வாங்க," என்றாள். "நடுவுலதான் இருக்கணும். எட்டிப் பாக்கப்படாது."

இவ்வளவு அருகில் வடிவு ஒருநாளும் போனதில்லை. மணல்மேடு இறங்கிய இடத்தில் கடல் கிடந்தது, காற்றே இல்லாமல். படகு மெல்ல நகர்ந்து, தாமிரா காவல் காக்கிற எட்டாம் மிதவைக்குப் பக்கத்தில் நின்றது. ஆவுடையப்பன் முகமூடியை மாட்டிக்கொண்டு விளிம்பில் உட்கார்ந்தார்.

"நான் மேல இருக்கேன்னு கையக் காட்டுங்க," என்றாள் வடிவு.

"அது வேண்டாம் வடிவு."

"கையக் காட்டதுல உங்களுக்கு என்ன கொறஞ்சு போவுது?"

அவர் முகமூடியின் வாரை இறுக்கிக்கொண்டார். பிறகு குழலைக் கவ்விக்கொண்டு சத்தமில்லாமல் இறங்கினார்.

அவள் நடுவில் உட்கார்ந்திருந்தாள். கயிற்றைச் சுற்றினாள், பிரித்தாள். ஞானபுஷ்பம் பின்பக்கம் துடுப்பைச் சரிசெய்யத் திரும்பிய நேரம் பார்த்து விளிம்புக்கு நகர்ந்து எட்டிப் பார்த்துவிட்டாள்.

கீழே ஊதாவும் பழுப்பும் பச்சையுமாகப் பவளம் விரிந்து கிடந்தது. அவர் மிதந்துகொண்டிருந்தார். அவருக்குக் கீழே, மீன்களை விலக்கிக்கொண்டு ஒரு பெண். மெலிந்திருந்தாள். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். அவர் கையை உயர்த்தி மேலே காட்டினார். அவள் நிமிர்ந்தாள்.

தண்ணீருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இரண்டு முகங்கள் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டன. அவ்வளவுதான், கண்ணுகளா. அந்தப் பெண்ணின் காலடியிலிருந்து வெள்ளை கிளம்பியது. கோலமாவுக் கிண்ணம் கவிழ்ந்த மாதிரி வட்டமாகப் பரவியது. ஊதா போயிற்று, பழுப்பு போயிற்று. மிதவையில் மணி அடிக்கத் தொடங்கியது.

ஆவுடையப்பன் மேலே வந்து விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தன் நெஞ்சுதான் அடித்துவிட்டது, தன்மேல் எழுதிக்கொள்ளச் சொன்னார். ஞானபுஷ்பம் அவர் கையைப் பிடித்துத் திருப்பினாள்.

"பச்சையா இருக்கு அண்ணாச்சி."

"முந்தி செவப்பா இருந்துச்சு தாயி."

"நான் பாக்கல. பாக்காதத சொல்ல எனக்கு வராது."

அவர் தலை குனிந்துகொண்டார். அப்போதுதான் வடிவுக்குப் புரிந்தது. வெளுக்கவைத்தது அவர் நெஞ்சும் இல்லை, படகுக்குள் இருக்கும் தன் நெஞ்சும் இல்லை. மிச்சம் ஒரே ஒரு நெஞ்சு. மறந்துவிட்டாள் என்று நினைத்தாளே, அந்தப் பிள்ளையின் நெஞ்சு. வடிவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. வந்த வேகத்திலேயே பயமும் வந்தது. பதறுகிற மேய்ப்பரை இங்கே வைத்திருக்க மாட்டார்கள். வெளிச்சமே எட்டாத ஆழத்துக்கு, தன்னந்தனியாக ஒரு காவல்மேடைக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே எந்த பஸ்ஸும் போகாது.

காவல்கோபுரத்திலிருந்து வானொலி கரகரத்தது. பவளம் வெளுத்தால் எப்போதும் கேட்கிற அதே இரண்டு கேள்விகள். "எட்டாம் மெதவ. தண்ணிக்குள்ள யாரு இருக்கா? வளை என்ன நெறம்?"

ஞானபுஷ்பத்தின் கட்டைவிரல் வானொலிப் பொத்தான்மேல் இருந்தது. அழுத்தவில்லை. அழுத்தினால் உண்மையைத்தான் சொல்ல வேண்டும். வேறொன்று அவளுக்கு வராது. அவள் வடிவைப் பார்த்தாள். வடிவு தன் வளையைப் பார்த்தாள். ரத்தச் சிவப்பு. பிறகு தண்ணீரைப் பார்த்தாள். நேர்கீழே எல்லாம் வெளுத்துக் கிடந்தது. இனி அங்கே கெடுவதற்கு ஒன்றும் இல்லை.

"தங்கச்சி, நல்லாப் பாத்துச் சொல்லு," என்றாள் வடிவு. முகமூடி இல்லை, குழல் இல்லை. விளிம்பைத் தாண்டிக் காலை வைத்தாள்.

ஞானபுஷ்பம் பொத்தானை அழுத்தினாள். "ஒரு பொம்பள இருக்கா," என்றாள். "செவப்பு வளை."

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. கோபுரம் அதையே காரணமென்று எழுதிக்கொண்டது.

உப்புத்தண்ணீரில் வெறுங்கண்ணுக்கு என்ன தெரியும்? கலங்கலாக ஒரு வெளிச்சம், கீழே ஒரு வெண்மை, அதன் நடுவில் ஒரு நிழல். நிழல் மேலே வந்தது. விரல்களுக்கிடையில் மெல்லிய சவ்வு படர்ந்த ஒரு கை வடிவின் முகத்தைத் தொட்டது, நெற்றியை, காதை. வடிவு அந்தத் தலையைப் பிடித்து நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள். ஒட்ட வெட்டிய முடிக்குள் விரலை விட்டாள். இரண்டு பேருடைய நெஞ்சும் முரசு மாதிரி அடித்தன. அந்தக் கடல் முழுவதிலும் அப்படி அடிக்க இடமிருந்தது அந்த வெளுத்த வட்டத்துக்குள் மட்டும்தான். மூச்சு தாங்கிய மட்டும் இருந்தாள். பிறகு அந்தக் கைகளே அவளை இடுப்பைப் பிடித்து மேலே தள்ளிவிட்டன.

கரையில் அவள் வளையைக் கத்தரித்து எடுத்தார்கள். முகத்தைப் படம்பிடித்துக்கொண்டார்கள். இனி இந்தக் கரைக்கு வரக் கூடாது என்று ஓர் அதிகாரி படித்துச் சொன்னார். சரி என்றாள். ஞானபுஷ்பம் ஒரு குவளைத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், அவள் குடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றாள்.

பஸ் செம்மணல் ஊடே திரும்பி வந்தது. மற்றவர்கள் அவர்கள் பக்கம் பார்க்காமல் இருக்க முயன்றார்கள். ஆவுடையப்பன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே கேட்டார்.

"அடுத்த வருசம் நான் மட்டும் வந்து என்ன செய்ய வடிவு?"

"வரணும். நீங்க பச்சையா இருந்தாத்தான் அவளுக்கு ஒரு ஆளு. போயி, நல்லா இருக்கேன்னு கையக் காட்டுங்க. மேல காட்டாதீங்க."

சொல்லிவிட்டு அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வளையைக் கழற்றிக் கொடுத்தாயிற்று, வெறும் மணிக்கட்டு. அவள் விரலுக்கடியில் நாடி தறிகெட்டு ஓடியது. இத்தனை வருடமும் தூங்குகிறார் என்று அவள் நினைத்திருந்தது, மகளைப் பார்ப்பதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்த மனிதரை. அவர் வெட்கப்பட்டுக் கையை இழுக்கப் பார்த்தார். வடிவு விடவில்லை.

"ஓடட்டுங்க," என்றாள். "இங்க எந்தப் பவளமும் இல்ல."

அவ்வளவுதான் கதை, என் செல்லங்களா. எழுந்து வீட்டுக்குப் போங்கள். உங்கள் வீட்டில் யாரும் யாருக்காகவும் நெஞ்சை அடக்கிக்கொண்டு இருக்க வேண்டாதபடி ஆகட்டும். தூரத்தில் இருக்கிற பிள்ளைகள் வாசலுக்கு வந்து சேரட்டும். அழுகிறவருக்கு ஒரு மடி இருக்கட்டும், சிரிக்கிறவருக்குத் துணை இருக்கட்டும், பானையில் தண்ணீர் எப்போதும் ததும்பி நிற்கட்டும். நன்றாக இருங்கள்.