வெள்ளைச் சுவரில் ஒரு சாம்பல் கோடு

பனி விலகாத காலை. தா.பழூர் கால்நடை மருந்தக வாசலில் கொளஞ்சியம்மாள் சாக்கைக் கீழே வைத்ததும், தூங்குகிற குழந்தையின் கைபோல ஒரு வாத்தின் கழுத்து வெளியே சரிந்தது.

"முத்துசாமி வாத்துங்களுக்குப் பூச்சிமருந்து வெச்சுட்டான், டாக்டரம்மா. 'இனிமே என் வயல்ல எறங்குச்சுன்னா ஒண்ணு மிஞ்சாது'ன்னு ஊரே கேக்கச் சொன்னான். சாயந்தரம் போலீசுக்குப் போறோம்."

டாக்டர் கிருஷ்ணம்மாள் வாத்தின் சிறகைத் தூக்கிப் பார்த்தார். "எல்லாம் ஒரே நாள்லயா செத்துச்சு?"

"இல்லீங்க. பொங்கல்லேருந்து ஒண்ணொண்ணா. றெக்கை தொங்கிப்போவும், பச்சையா கழியும். குடிச்சவன் மாதிரி தள்ளாடி அப்படியே ஒக்காந்துடும்."

உதவியாளன் முத்தமிழுக்கு அதுவே போதும். மனதுக்குள் அவன் முத்துசாமியைப் போலீஸ் வண்டியிலேயே ஏற்றிவிட்டான்.

மூவரும் போய்ச் சேர்ந்தபோது, வாத்துகள் மேயும் நெட்டேரி பனிக்குள் கரைந்து கிடந்தது. தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. நாரைகள் யாரோ மறந்துவிட்டுப் போன குடைகளைப்போல அசையாமல் நின்றன. அந்த வெண்மைக்குள் நடப்பது யாருடைய கனவுக்குள்ளோ நுழைவதுபோல் இருந்தது முத்தமிழுக்கு. வரப்போரம் கிடந்த பூச்சிமருந்து டப்பாதான் அவனை எழுப்பியது.

"மேடம், ஆதாரம்!"

டாக்டர் உள்ளே எட்டிப் பார்த்தார். "சிலந்தி குடும்பம் நடத்துது. இருந்த எடத்துலயே வை."

அறுத்த வயலில் தன் கோழிகளை மேயவிட்டு நின்றார் முத்துசாமி. "நெல்லை மேஞ்சா கோவம் வராதா? வாயில சொன்னேன். அதுக்காவ உசுரக் கொல்லுவனா?"

டாக்டர் ஏரிச் சேற்றை அள்ளி விரல்களால் தேய்த்தார். வெண்ணெய்போல வழுக்கியது. "ஒரு கல்லுகூட இல்லியே?"

"போன கோடையில தூர் வாரினப்ப சரளை மொத்தத்தையும் அள்ளிட்டாங்க. இப்ப வெறும் களி."

கரையில் ஈர வலையோடு நின்ற மணிவண்ணன், கொளஞ்சியம்மாளின் மகன், அலுத்துக்கொண்டான். "ஏரிக்குள்ள முள்ளு மரத்த வெட்டினவனுங்க வேரை விட்டுட்டானுங்க. வீசறப்பல்லாம் வலை மாட்டிக் கிழியுது."

கொளஞ்சியம்மாள் வீட்டுக் கொல்லையில் வாத்தை அறுத்துப் பார்க்க ஏற்பாடாயிற்று. முத்துசாமியையும் வரச் சொன்னார் டாக்டர். மணிவண்ணனின் மனைவி பிரவீணா டீ கொண்டுவந்தாள். எட்டு மாத வயிறு. இன்னொரு கையில் அவித்த முட்டை.

"அத்தை தெனமும் வாத்து முட்டை திங்கச் சொல்லுது," என்று சிரித்தாள். "ஆனாலும் ஒரே அசதி. வயித்தைப் பெசையுது."

அறுத்த வாத்தின் இரைப்பைக்குள் மிளகளவில் கறுத்த மணிகள் இருந்தன.

"வயலுக்குப் போடற குருணை மருந்து! நான்தான் சொன்னேன்ல?" என்றான் முத்தமிழ்.

"ஒண்ணை இடுக்கியில எடுத்துச் சுவத்துல இழு."

இழுத்தான். சுண்ணாம்புச் சுவரில் பென்சிலால் இழுத்ததுபோல ஒரு சாம்பல் கோடு விழுந்தது.

"மருந்துன்னா தூளாப் போகும். இது எழுதுது," என்றார் டாக்டர். "நாரை மீன் திங்குது, நல்லா இருக்கு. கோழி அதே வயல்ல மேயுது, அதுவும் நல்லா இருக்கு. சேத்தைத் துழாவுற வாத்து மட்டும் சாவுது. வாத்துக்குப் பல்லு கெடையாது. இரையை அரைக்கப் பொடிக்கல்லை முழுங்கும். அந்த ஏரியில கல்லே இல்ல. அப்ப எதை முழுங்கியிருக்கும்?"

அவர் பார்வை மணிவண்ணனின் தோளில் கிடந்த வலைக்குப் போயிற்று. அதன் கீழ்விளிம்பில் கோத்திருந்த ஈயக் குண்டுகளில், விழுந்த பற்களைப்போல இடைவெளிகள்.

மணிவண்ணனின் குரல் இறங்கிவிட்டது. "பாடாலூர் டயர் கடையில ஈயம் வாங்கி நானே காய்ச்சி ஊத்தினேன். வேருல மாட்டி அறுந்தது தண்ணியோட போவட்டும்னு விட்டேன்."

"தண்ணியோட போகலப்பா. வாத்து வயித்துக்குப் போச்சு. அங்க கரைஞ்சு ரத்தத்துக்கு, எலும்புக்கு, முட்டைக்கு..."

டாக்டர் அதோடு நிறுத்திக்கொண்டார். எல்லாரும் பிரவீணாவின் கையைப் பார்த்தார்கள். மணிவண்ணன் எழுந்துபோய் அந்த முட்டையை மெல்ல வாங்கிக்கொண்டான்.

"கொழந்தைக்கு என்னாவும்?" என்றாள் அவள்.

"ரத்தத்தைப் பாத்தாத்தான் சொல்ல முடியும். இன்னிக்கே அரியலூர் பெரியாஸ்பத்திரிக்குப் போ. இனிமே அந்த முட்டை யாருக்கும் வேணாம்."

பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது. முத்துசாமி வெளியே போனார். அவருடைய லோடு ஆட்டோ இருமிக்கொண்டு வந்து வாசலில் நின்றது.

"அண்ணே..." கொளஞ்சியம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"மொதல்ல ஏறு. திட்டறத வழியில திட்டிக்க."

வெயில் சாயும்வரை மணிவண்ணனும் முத்தமிழும் ஈயக் குண்டுகளைத் தேடி ஏரிச் சேற்றைச் சல்லடையில் அரித்தார்கள். ஏரி பொன்னாக மின்னியபோது ஆட்டோ திரும்பி வந்தது. முன்னால் பிரவீணா வயிற்றில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். ரத்தம் எடுத்திருந்தார்கள், முடிவுக்குக் காத்திருக்க வேண்டும். குழந்தையின் இதயத் துடிப்பை அவளுக்குக் கேட்கவைத்திருந்தார்கள். குதிரை ஓடுகிற மாதிரி இருந்ததாம்.

பின்னால் ஆற்றுச் சரளை. அதைக் கரையில் சரித்துவிட்டு முத்துசாமி கையைத் தட்டினார். மிஞ்சிய வாத்துகள் கத்திக்கொண்டு ஓடிவந்து மொய்த்தன.

ஒன்று மட்டும் வழிதவறி அவர் வயலில் இறங்கியது. முத்துசாமி வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.