வீங்கிய குழல்

"நாசமாப் போறவனே! மறுபடியும் என் ரோஸ்ட் தட்டுலயா?"

நோலீன் போட்ட கூச்சலில் மரூன்டா ஊரின் பாதி ஜன்னல்கள் திறந்துகொண்டன. மீதிப் பாதி ஏற்கெனவே திறந்துதான் இருந்தது.

"கத்தாதடி. எண்ணெய்ல ஊறினாத்தான் துரு போகும்..." என்றான் அவள் புருஷன் நெவில்.

எட்டிப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி வேகும் தட்டு. அதில் கறுப்பு எண்ணெய்... ஒரு ரைஃபிள் குழல்... கூடவே கங்காரு ரத்தம் காய்ந்த கத்தி!

உவ்வே!

நெவிலுக்குக் கங்காரு சுடுவது தொழில். போன வாரம் தன் ரைஃபிள் குழலின் முனையில் சேறு அடைத்திருந்ததைப் பார்க்காமல் விசையை அழுத்திவிட்டான். முனை, தவளை விழுங்கிய பாம்பு மாதிரி வீங்கிவிட்டது.

"புதுசு வாங்கித் தொலையேன்!"

"ஆயிரம் டாலர்டீ! இது டிரெவர் குடுத்த பழைய குழல். ஒரு பெட்டி பீருக்கு!"

"டிரெவரா? கை கழுவின தண்ணியக்கூட காசுக்கு விக்கிறவன் அவன்!"

கங்காரு இறைச்சி வாங்கும் ஊர்க் குளிர்கிடங்கின் முதலாளி டிரெவர். மூன்று வாரம் முன்புவரை பாதி முதலாளி. மீதிப் பாதி க்ளைவ்... தண்ணீர்த் தொட்டியருகே பிணமாகக் கிடந்தார். நெற்றியில் ஒரே ஓட்டை.

தலையில் குண்டு படாத கங்காருவைக் கிடங்கில் வாங்க மாட்டார்கள். ஆகவே, இது தொழில்காரன் குறி என்று ஊரே முடிவு கட்டியிருந்தது.

அடுத்த வாரம் சார்ஜண்ட் மோரீன் வந்து நின்றாள்.

"நெவில், உன் ரைஃபிள எடு. க்ளைவ உன் துப்பாக்கிதான் கொன்னுச்சுன்னு பேர் சொல்லாம ஒருத்தன் போன் பண்ணான்."

"ஐயோ! நான் ஈக்குக்கூட..."

"மாசம் முந்நூறு கங்காரு சுடுறவன் ஈயைப் பத்திப் பேசாத! சோதனைல தோட்டா உன் குழலோட பொருந்திச்சுன்னா... ஆயுசுக்கும் ஜெயில்தான்!"

ரைஃபிள் சோதனைக்காகப் பிரிஸ்பேனுக்குப் போனது. நெவில் லாக்கப்புக்குப் போனான்.

பன்னிரண்டு நாள். ஊரில் ஒருவர்கூட அவனைப் போய்ப் பார்க்கவில்லை. நோலீன் போனாள்... ரோஸ்ட் தட்டை எதைப் போட்டுக் கழுவுவது என்று கேட்க!

பதின்மூன்றாம் நாள் பகல். நெவில் வீட்டு வாசல்.

ஆறுதல் சொல்லும் சாக்கில் வந்த டிரெவர், நோலீனின் கையைத் தேவைக்கு மேல் பிடித்துக்கொண்டிருந்தான். சீ!

போலீஸ் ஜீப் வந்து நின்றது. மோரீன் இறங்கினாள். பின்னாலேயே நெவில்... கையில் விலங்கில்லாமல்!

"தோட்டா பொருந்தல. க்ளைவக் கொன்னது இந்த ரைஃபிள் இல்ல" என்றாள் மோரீன்.

"சான்ஸே இல்ல!" டிரெவர் அலறினான். "எப்படிப் பொருந்தாமப் போகும்? நான் குடுத்த குழல்லதான..."

நிறுத்தினான்.

டூ லேட்!

"குடுத்த குழல்ல...? சொல்லு டிரெவர். உனக்கு எப்படித் தெரியும்?"

டிரெவர் வாயைத் திறந்தான். ஒரு ஈ உள்ளே போனதுதான் மிச்சம்.

நெவில் மெல்லச் செருமினான்.

"அதை நான் மாட்டவே இல்ல சார்ஜண்ட். மாட்டுறதுக்குப் பட்டறைக்காரன் முந்நூறு டாலர் கேட்டான். பகல் கொள்ளை! வீங்கின முனைய ரெண்டு அங்குலம் ரம்பத்தால அறுத்து, அரத்தால ராவி விட்டேன். அதே பழைய குழல். ஜோராச் சுடுது!"

"அப்போ டிரெவர் குடுத்தது?"

"வித்துட்டேன். ரெண்டு பெட்டி பீருக்கு."

"யாருக்கு?"

நெவில் தன் பூட்ஸைப் பார்த்தான்.

"உங்க வீட்டுக்காரருக்கு..."

மோரீன் அன்று மாலையே கணவரின் ரைஃபிளைப் பறிமுதல் செய்தாள். அந்தக் குழல் பொருந்தியது... அச்சு அசலாக! கிடங்கு முழுவதையும் தானே விழுங்க, கூட்டாளியைச் சுட்ட டிரெவருக்கு ஆயுள் தண்டனை. குழலை இலவசமாகக் கொடுத்தால் சந்தேகம் வரும் என்றுதான் பீர் கேட்டானாம்!

நோலீன் தூவும்பா நகருக்குக் குடிபோய், கையுறை போடாமல் எதையும் தொடாத ஒரு பல் டாக்டரைக் கட்டிக்கொண்டாள்.

நெவிலோ விவாகரத்து முடிந்ததும் க்ளைவின் விதவை டொரீனை மணந்தான். கல்யாண விருந்தில் பெரிய பழக் கேக். இரண்டாவது வாய் வைத்தபோதுதான் டொரீன் சொன்னாள்... அது க்ளைவின் சாவு வீட்டில் மிஞ்சியதாம். இத்தனை நாளும் கிடங்கில், கங்காரு உடல்களுக்கு நடுவே இருந்ததாம்!

விருந்துக்குப் போயிருந்த ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் துப்பினோம்.

"துப்புனதையெல்லாம் கீழ போட்டுடாதீங்க," என்றான் மாப்பிள்ளை, "வீட்ல நாய் இருக்கு!"