பெரிய டிரம்முக்கு மூன்று எஃப்

ஸ்பேஸ் பாரைத் தட்டி லேப்டாப்பில் ஓடிய இசையை நிறுத்திய பிறகும் டிரம் ஒரு முறை அடித்தது.

தேவிப்பிரியா திரையைப் பார்த்தாள். ஸ்வரக் கோடுகளின் மேல் ஓடும் பச்சைக் கோடு நின்றுதான் இருந்தது. பழைய லேப்டாப், விடாத மழை, அதுவும் எவ்வளவுதான் தாங்கும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மதியச் சாப்பாடு முடிந்த நேரம்தான். ஆனால் அயனம்பாக்கம் ஏரிக்கு மேல் கவிந்து கிடந்த மேகத்தில் விளக்குப் போடாமல் அறையில் ஒன்றும் தெரியவில்லை. ஈரச் சிமெண்டு வாசனையும், ஜன்னல் வழியே ஏறி வந்த பாசி நாற்றமும், மாடியிலிருந்து இறங்கும் குழாயில் தண்ணீர் குடுகுடுவென்று ஓடும் சத்தமும் வீட்டை அடைத்துக்கொண்டிருந்தன. அந்தச் சத்தங்களுக்கு நடுவே, கடைசியாக விழுந்த அந்த ஓர் அடி மட்டும் ஸ்பீக்கரிலிருந்து வந்த மாதிரி இல்லை. தலைக்கு மேலேயிருந்து வந்த மாதிரி இருந்தது.

மேலே வீட்டு ஓனர் பரந்தாமன். நிலத்தை மனை போட்டு விற்றுவிட்டுத் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். மழை நாளில் லாரிக்கு வேலை கிடையாது. அவன் கைக்கு மட்டும் வேலை உண்டு. பெண்டாட்டி வடிவு, கறிவேப்பிலை கேட்டுக் கீழே வரும்போது, தட்டுகிறாளா தடவுகிறாளா என்று தெரியாத அளவுக்கு மெதுவாகக் கதவைத் தட்டுகிற பெண். போன வாரம் மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது, உதட்டில் ரத்தம் காய்ந்திருக்க, அவளே வாய்விட்டுக் கேட்டாள்.

"சத்தம் கேட்டா ஒரு தபா மேல வந்து கதவ தட்டுக்கா. வெளியாளு வந்தா அது கைய நிறுத்திக்கும். ஒரே ஒரு தபா."

சரி என்றாள் தேவிப்பிரியா. ஆவடி ஃபேக்டரியில் ஷிப்ட் முடித்து வந்த கணவன் லோகேஷிடம் சொன்னபோது அவன் சோற்றிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. "ஓனர் ஊட்டு சமாச்சாரம் நமக்கு இன்னாத்துக்கு? காலி பண்ணுன்னு சொல்லிட்டான்னா எங்க போய் நிக்கறது?"

அதற்குப் பிறகு மேலே சத்தம் கேட்டபோதெல்லாம் அவள் ஸ்பீக்கரின் சத்தத்தைக் கூட்டி வைத்தாள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் கூட்டினாள்.

போன் அடித்தது. பேண்டு மாஸ்டர் ஸ்ரீநாத். குவார்ட்டர்ஸ் பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுக்கு அவர் கையால் எழுதிக் கொடுத்த அணிவகுப்பு இசையைத்தான் அவள் மென்பொருளில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"மேடம், பெரிய டிரம் பத்தலையே. நீங்க அனுப்பினதுல அந்த வால்யூம் ஸ்லைடரைக் கடைசி வரைக்கும் ஏத்திட்டேன். அப்பவும் தடவிக் குடுக்கற மாதிரியே கேக்குது."

"சார், ஸ்லைடரை ஏத்தினா இறக்கினா நம்ம காதுக்குக் கேக்கறதுதான் மாறும். அடிக்கிற அடி மாறாது. ஸ்வரத்துக்குக் கீழ பி போட்டா மெதுவா அடிப்பான், எஃப் போட்டா ஓங்கி அடிப்பான். நான் மூணு எஃப் போட்டுடறேன்."

"போடுங்க மேடம். சும்மா இடிக்கணும்."

போட்டாள். கடைசி வரியின் அடியில், காக்கை அலகு மாதிரி சிறுத்துத் தொடங்கி அகலமாக விரியும் குறியையும் இழுத்துவிட்டாள். போகப் போக இன்னும் பலமாக அடி என்பது அதற்கு அர்த்தம். பிறகு வாசிக்கவிட்டாள்.

தொம்.

மின்விசிறி நடுங்கியது. மேலே வடிவு, "ஐயோ வேணாம்யா!" என்று அலறினாள்.

தொம். டிரம் விழுந்த அதே நொடியில் மாடியில் ஏதோ தரையில் மோதியது. தேவிப்பிரியா திரைக்கு அருகே குனிந்தாள். தற்செயலாக இருக்கும் என்று நினைத்து, அடுத்த வரியில் தாளத்தின் முதல் தட்டில் இருந்த டிரம்மை எடுத்து மூன்றாம் தட்டில் வைத்தாள். பச்சைக் கோடு அங்கே வந்தது. முதல் தட்டு. மௌனம். இரண்டாம் தட்டு. மௌனம். மூன்றாம் தட்டில், டிரம்மோடு சேர்ந்து, மாடித் தரையில் எலும்பு இடிக்கும் சத்தம்.

ஸ்பேஸ் பாரைத் தட்டினாள். நிற்கவில்லை. மறுபடி தட்டினாள். பச்சைக் கோடு போய்க்கொண்டே இருந்தது.

"அக்கா! கீழ கீறியா அக்கா!"

தொம். தொம்.

கை பழகிய இடத்துக்குத்தான் போனது. பெரிய டிரம்மின் ஸ்லைடரைப் பிடித்து ஒரே இழுப்பில் கீழே இறக்கினாள்.

சத்தம் நின்றது. டிரம் இல்லை, மாடியில் அடி இல்லை, அலறல் இல்லை. மழை மட்டும் பெய்தது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தாள். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தாள். சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தாள்.

கீபோர்டின் மேல் சுண்ணாம்புத் தூள் விழுந்தது.

துடைத்தாள். மறுபடி விழுந்தது. அண்ணாந்து பார்த்தாள். மின்விசிறியின் தண்டு துள்ளியது. நின்றது. துள்ளியது. நின்றது. சத்தமே இல்லை. விசிறியைச் சுற்றி, கூரையில் ஒரு ஈரம் படர்ந்துகொண்டிருந்தது. மழை ஈரம் அந்த நிறத்தில் இருக்காது.

ஸ்ரீநாத்திடம் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கேட்பதுதான் மாறும். அடி மாறாது.

திரையில் மூன்று எஃப் அப்படியே இருந்தது.

கூரை அதிர்வது நின்றுவிட்டது. பச்சைக் கோடு இசை முடிந்த இடத்தைத் தாண்டி வெற்றுத் தாளுக்குள் நுழைந்தது. அது போகப் போக, அவள் எழுதாத டிரம் அடிகள் ஒவ்வொன்றாக முளைத்தன. ஜன்னலுக்கு வெளியே மாடிப்படியின் கம்பி அதே கணக்கில் அதிர்ந்தது. யாரோ இறங்குகிறார்கள். எதையோ இழுத்துக்கொண்டு. படிக்கு ஒரு அடி.

கதவுத் தாழ்ப்பாள் துள்ளியது.

சத்தமில்லை. கதவு உள்ளே வளைந்தது, திரும்பியது. மறுபடி வளைந்தது. கீழ் இடுக்கில் உடைந்த வளையல் துண்டு ஒன்று உள்ளே தெறித்து வந்தது. அடுத்த அடிக்கு இன்னொன்று. அடுத்த அடிக்குச் சிவப்பாக ஒரு கோடு தரையில் ஓடியது.

போய்த் திற என்றது மனம். வெளியாளாக எதிரே வந்து நிற்பதைத்தானே வடிவு கேட்டாள். கால் வரவில்லை. திறக்காத தன் கையை அவள் அந்த நிமிடம் அடியோடு வெறுத்தாள். அந்தக் கையாலேயே எல்லா எஃப்பையும் அழித்தாள். விரிந்த அலகை அழித்தாள். பி போட்டாள். இன்னொரு பி. இன்னொன்று. ஸ்லைடரை மேலே ஏற்றினாள்.

கதவு வளைவது நின்றது.

காது கொடுத்துக் கேட்டாள். மழை. குழாயில் தண்ணீர். பிறகு, மிக மெதுவாக, ஒரு தட்டு.

தட்டுகிறதா தடவுகிறதா என்று தெரியாத அளவுக்கு மெதுவாக.

"வடிவு?"

 மூச்சுச் சத்தம் இருந்தது. கனமான, களைத்துப்போன ஆண் மூச்சு. பச்சைக் கோடு வெற்றுத் தாளில் போய்க்கொண்டே இருந்தது. தாளுக்கு முடிவு இல்லை. கதவின் கீழ் இடுக்கில், மல்லிகைச் சரம் சிக்கிய ஈரக் கூந்தல் கொஞ்சம் உள்ளே வந்தது. பின்னால் போனது. ஒரு தட்டு. மறுபடி உள்ளே வந்தது. பின்னால் போனது. மெதுவாக. கணக்குத் தப்பாமல்.