அளவு ஜாடி

ஜாடியில் அதிகம் இருந்தது.

வேதாசலம் காலையிலிருந்து ஒரே ஒரு முறைதான் குளியலறைக்குப் போயிருந்தார். சிறுநீர் அளக்கும் ஜாடியில் அது முதல் கோட்டைத் தாண்டியிருக்காது. மதியச் சோற்றுக்குப் பிறகு மறுபடி போவதற்காக மூடியைத் திறந்தபோது ஜாடி முக்கால் பாகம் நிறைந்திருந்தது. மேலே மெல்லிய நுரை. வெளிப்புறத்தைத் தொட்டுப் பார்த்தார். பிளாஸ்டிக் இன்னும் சூடாக இருந்தது.

"கனகா!"

மனைவி பூட்டைத் திறந்து, மாஸ்க்கை இழுத்துவிட்டுக்கொண்டு வாசற்படியிலேயே நின்றாள்.

"உள்ள யாருனா வந்தாங்களா?"

"யாரு வரப் போறாங்க? சாவி என் இடுப்புல கீது. ஈ எறும்பு வரல."

"ஜாடியப் பாரு."

கனகா எட்டிப் பார்த்தாள். அவள் கண்கள் மாஸ்க்குக்கு மேலே விரிந்தன. "அடேங்கப்பா! இவ்ளோவா? ஆஸ்பத்திரில அந்தக் கீர்த்திப் பொண்ணுக்கு போன் பண்ணி சொல்றேன், சந்தோஷப்படும்."

"நான் போவலடி."

"பின்ன நானா போனேன்?" சிரித்துக்கொண்டே ஜாடியை எடுத்துக்கொண்டு போனாள். வெளியே பூட்டு விழுந்தது.

மாற்றுச் சிறுநீரகம் வைத்துக்கொண்டு வந்தவர்களுக்கு நோய்க்கிருமி ஆகாது. அதனால் வீட்டின் பின்பக்க அறையை அவருக்காகக் கழுவி, வெள்ளையடித்து, ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டு ஓரமெல்லாம் டேப் ஒட்டியிருந்தார்கள். பூ கூடாது, பழம் நறுக்கி வைக்கக் கூடாது, மாடு கன்று கிட்டே வரக் கூடாது, சொந்தக்காரர்கள் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. வேதாசலத்துக்கு இது பிடித்திருந்தது. உத்திரமேரூரில் நெல் மண்டி வைத்திருந்த இத்தனை வருஷமும், யார் யார் தன்னை எவ்வளவு நெருங்கலாம் என்பதில் அவருக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. இப்போது அதையே டாக்டர்கள் சட்டமாக்கி இங்கிலீஷில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த ஒழுங்கு ஒரே ஓர் இடத்தில்தான் கெட்டது. செங்கல்பட்டில், ரத்தம் சுத்தம் செய்யும் மிஷின்கள் வரிசையாக நின்ற அந்த நீளமான ஹாலில். அங்கே அடுத்த கட்டில் சாம்சனுக்கு. அவர் மண்டியிலேயே மூட்டை தூக்கியவன். இவருக்கும் அவனுக்கும் ஒரே ரத்த வகை என்று நர்ஸ் சொன்னபோது, வேதாசலம் அதை ஒரு வசவைப் போலக் கேட்டுக்கொண்டார்.

மிஷினுக்கு ஊசி போட வசதியாக, கையில் இரண்டு ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்துவிடுவார்கள். அந்த இடத்தில் நரம்பு கயிறு மாதிரிப் புடைத்துக்கொள்ளும். உள்ளே ரத்தம் சுழன்று ஓடுவது, காதை வைத்தால், வண்டு இரைவது போலக் கேட்கும்.

"வண்டு கத்துதா முதலாளி?" என்று சாம்சன் ஒவ்வொரு முறையும் கேட்பான். "கத்தினாத்தான் நாம உசுரோட கீறோம்னு அர்த்தம்."

அவனுக்கு வாய் ஓயாது. மிஷினில் இருப்பவர்களுக்குச் சிறுநீர் வருவது நின்றுபோகும். அதையும் அவன் சிரிப்பாக்குவான்.

"ஏரி ரொம்பி வழிஞ்சி கலங்கல் போவுது முதலாளி, பஸ்ஸுலருந்து பாத்துகினே வந்தேன். தண்ணி இன்னா ஓட்டம்! நம்ப கலங்கல்தான் அடைச்சிகினு கீது." நர்ஸுகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். "ஒரே ஒரு தபா. கரைமேல நின்னுகினு, ஒரு கைய மரத்துல ஊனிக்கினு, சோக்கா ஒண்ணுக்கு உடணும். அப்பால செத்தாலும் பேஜார் இல்ல."

அவன் சட்டையில் ஒரு வாசனை இருக்கும். பச்சை இலை கருகிய வாசனை. காய்ந்த துளசியும் நனைந்த சாக்கும் சேர்ந்தாற்போல.

"இன்னாடா நாத்தம் இது?"

"மிஷின்லருந்து எறங்கினா கொடலே வெளிய வருது முதலாளி. ரெண்டு இழுப்பு இழுத்தாத்தான் சோறு எறங்குது." பிறகு குரலைத் தாழ்த்தி, நிஜமான அக்கறையுடன் கேட்டான். "உங்களுக்கு வோணுமா?"

உங்களுக்கு வோணுமா. மூட்டை தூக்குகிறவன் தன் பீடியை அவருக்கு நீட்டுகிறான். சிறுநீரகத்துக்கான பட்டியலில் சாம்சன் தனக்கு முன்னால் இருப்பதும் வேதாசலத்துக்குத் தெரியும். ஆனால் அன்று அவரை எழுப்பிக் கீர்த்தியின் மேஜைக்கு நடத்திப் போனது அந்த மூன்றாவது இழுப்புதான், அவருக்கென்று அவன் ஒதுக்கிய இழுப்பு.

கீர்த்தி அந்த ஆஸ்பத்திரியில் பட்டியலைப் பார்த்துக்கொள்ளும் பெண்.

"கஞ்சா குடிக்கிறவனுக்கெல்லாம் கிட்னி வெச்சா வெளங்குமாம்மா?"

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "டெஸ்ட் எடுப்போம் சார். இருந்தா ஆறு மாசம் நிறுத்தி வைப்போம், சுத்தமானா திரும்பச் சேர்ப்போம். தண்டனை இல்ல. அந்த இலையில பூஞ்சை இருக்கும், கிட்னி வெச்சப்புறம் மாத்திரை சாப்பிடறவங்களுக்கு அது நுரையீரல்ல பிடிச்சிடும். டாக்டர்களுக்குள்ளயே இதுல ஒத்த கருத்து இல்ல."

"தண்டனைன்னே வெச்சிக்கோயேன்."

"நீங்க டிரிங்க்ஸ் சார்?"

"வுட்டுட்டம்மா."

அன்று சாயங்காலம் மண்டியின் பின்அறையில், வழக்கம்போல, ஒரு மூடி பிராந்தி. அதற்கு யாரும் டெஸ்ட் எடுக்கவில்லை.

சாம்சன் நிறுத்தி வைக்கப்பட்டான். கொஞ்ச நாளில் ஒரு சிறுநீரகம் வந்தது. அது வேதாசலத்துக்குப் போயிற்று. ஆறு மாசம் முடிவதற்குள், ஒரு நாள் மிஷினிலிருந்து திரும்பும்போது, சாலவாக்கம் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்தபடியே சாம்சன் போய்விட்டான். கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர் தோளைத் தட்டியபோதுதான் தெரிந்தது. செய்தியைக் கனகா சொன்னபோது, வேதாசலம், "கஞ்சாக்குடிக்கி வேற எப்பிடிப் போவான்?" என்று கேட்டுவிட்டுக் கஞ்சியில் உப்புப் போதவில்லை என்றார்.

கனகா ஜாடியைப் பார்த்துச் சிரித்ததற்கு மறுநாளும் ஜாடி நிறைந்திருந்தது. இந்த முறை மூடியைத் திறந்ததும் அந்த வாசனை வந்தது. கருகிய இலை. நனைந்த சாக்கு. பினாயிலும் வெள்ளையடித்த சுண்ணாம்பும் மணக்கும் அந்த அடைத்த அறையில், அது எழுந்து, கட்டிலைச் சுற்றிக்கொண்டு, தலையணைக்குள் இறங்கியது. கனகாவைக் கூப்பிட்டு முகரச் சொன்னார். "மூத்தரம் மூத்தர வாசன அடிக்காம மல்லிப்பூ வாசனையா அடிக்கும்?" என்றாள்.

அப்போதுதான் வேறொரு பேச்சு நினைவுக்கு வந்தது. ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் நாளில், சிறுநீரகம் கொடுத்தவன் யார் என்று கீர்த்தியிடம் கேட்டிருந்தார். சொல்லக் கூடாது என்றாள்.

"கஞ்சா கிஞ்சா குடிச்சவன் இல்லையே?"

"கொடுக்கிறவங்களுக்கு அந்த விதி இல்ல சார்."

"வாங்கறவனுக்கு ஆவாது, குடுக்கறவனுக்கு ஆவுமா?"

"ஆகும் சார்," என்றாள், அவரைப் பார்க்காமல். பிறகு மாத்திரைகளை எடுத்துக் காட்டினாள். "உள்ள வெச்சிருக்கிறது வெளியாள்னு உங்க உடம்பு கண்டுபிடிக்காம இருக்கத்தான் இது. ஒரு வேளைகூட விடக் கூடாது."

வெளியாள். இப்போது அந்தச் சொல் அவர் அடிவயிற்றில், தையலுக்குக் கீழே, ஒரு முஷ்டி அளவுக்குக் கனத்தது. எவனோ ஒருத்தன். எந்தச் சேரியோ, எந்தச் சாக்கடையோ. தன் ரத்தத்தைக் குடித்துக்கொண்டு, தன் வயிற்றில் சொகுசாகப் படுத்துக்கொண்டு, தன் ஜாடியில் நாறுகிறான். புதன்கிழமை பரிசோதனைக்குப் போனால் ஆஸ்பத்திரியில் ஜாடியை மோந்து பார்ப்பார்கள். வேதாசலம் கஞ்சா குடிக்கிறான் என்பார்கள்.

அன்று மாலை மாத்திரையைக் கன்னத்துக்குள் ஒதுக்கி, கனகா போனதும் கட்டிலுக்குப் பின்னால் துப்பினார். உடம்பு கண்டுபிடிக்கட்டும். வெளியாளை எப்படி வெளியே அனுப்புவது என்று அவர் உடம்புக்குத் தெரியாதா? அவருடைய உடம்பல்லவா?

மறுநாள் வாசனை குறைந்ததுபோல் இருந்தது. அவருக்கு வெற்றி. அடுத்த வேளையும் துப்பினார். அதற்கடுத்த வேளையும்.

மழை விட்ட ஒரு பகலில், பின்பக்கக் கதவருகே பேச்சுக் குரல் கேட்டது. சாம்சனின் மனைவி மார்த்தாள், களை எடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் கனகாவிடம் நின்றிருந்தாள்.

"ஐயாவுக்கு இப்ப ஒண்ணுக்குப் போவுதாம்மா?"

"ஜாடி ஜாடியாப் போவுது மார்த்தா."

"போவட்டும்மா. எங்க வூட்டுக்காரு அத்தையேதான் சொல்லிகினு இருப்பாரு, ஒரு தபா, ஒரு தபான்னு. எங்க போனாரோ தெரியல. போன எடத்துலயாவது நல்லாப் போவட்டும்."

அவள் அழவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். டேப் ஒட்டிய ஜன்னலுக்குப் பின்னால் வேதாசலம் போர்வையை இழுத்துக் கழுத்துவரை மூடிக்கொண்டார்.

அப்போது வண்டின் சத்தம் கேட்டது.

முதலில் வெளியே என்று நினைத்தார். எங்கோ அறுவடை மிஷின் ஓடுவதாக நினைத்தார். தன் கையைத் தூக்கிக் காதில் வைத்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அந்தக் குழாய் அடைத்துக்கொண்டு, வண்டு செத்துப்போய் வெகு நாளாயிற்று. கை மௌனமாக இருந்தது. இரைச்சல் குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது. மெதுவாக, இடைவிடாமல், நிற்கிற ஆளின் கை உயரத்திலிருந்து.

பிறகு இன்னொரு சத்தம். பிளாஸ்டிக்கில் நீர் விழும் சத்தம். அவசரமில்லாமல், நீளமாக, சுகமாக. நின்றபடி விடுகிற ஆளுடைய சத்தம்.

அது நின்ற பிறகு வெகுநேரம் கழித்துத்தான் எழுந்து போய்க் கதவைத் தள்ளினார். யாரும் இல்லை. ஜாடி விளிம்புவரை நிறைந்திருந்தது. சுவரில், தோள் உயரத்தில், ஈரமான ஒரு கைத்தடம். ஊன்றிய கை.

அன்றிலிருந்து அவருக்குச் சொட்டுக்கூட வரவில்லை.

காலை அமுக்கினால் விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. நாக்கில் இரும்பு ருசி. படுத்தால் மூச்சு முட்டியது. கண்ணாடியில் முகம் பூசணிக்காய். ஜாடி மட்டும் காலையும் மாலையும் நிறைந்தது. கனகா அதைக் கோயில் பால்குடம்போல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனாள்.

"சதை போட்டுட்டீங்க," என்றாள். போனை ஸ்பீக்கரில் வைத்து நீட்டினாள்.

"முகம் உப்பறது மாத்திரையால சார், பயப்படாதீங்க," என்றது கீர்த்தியின் குரல். "யூரின் நல்லாப் போகுதே, அதான் முக்கியம். உங்களுக்கு வேற ஏதாவது?"

ஜாடியில் இருப்பது என்னுடையது இல்லை. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். சொன்னால் காரை எடுப்பார்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள், உள்ளே இருப்பது பிழைத்தாலும் பிழைக்கும். ஆனால் யாருடையது என்று கேட்பார்கள். கட்டிலுக்குப் பின்னால் பார்ப்பார்கள். அந்தப் பெயரைத் தன் வாயால், தன் வீட்டில், தன் பெண்டாட்டி முன்னால்.

"ஒண்ணும் இல்ல," என்றார் வேதாசலம்.

"அப்ப புதன்கிழமை வாங்க சார்."

புதன்கிழமைக்கு முந்தின நாள் மத்தியானம். கனகா ஜாடியைக் கழுவி வைத்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு, கடைக்குப் போய்விட்டாள். வெயில் டேப் ஓரமாக ஒரு கோடு போட்டது. வேதாசலம் உட்கார முயன்றார். மார்புக்குள் தண்ணீர் தளும்பியது. கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தார். காற்று வந்தது. குரல் வரவில்லை.

பச்சை இலை கருகும் வாசனை.

வண்டு.

குளியலறைக் கதவு, யாரோ தோளால் ஒதுக்கியதுபோல், கொஞ்சம் திறந்தது. பிறகு இன்னும் கொஞ்சம்.

முதுகு தெரிந்தது. மூட்டை சுமந்து காய்த்துப்போன தோள்பட்டை. சுவரில் ஊன்றிய இடது கை. அதில் கயிறாகப் புடைத்த நரம்பு துடித்துக்கொண்டு, இரைந்துகொண்டு.

நீர் விழுந்தது.

ஜாடி நிறைந்தது. நிற்கவில்லை. ஜாடி வழிந்தது. நிற்கவில்லை. வாசற்படியைத் தாண்டி, வெள்ளையடித்த சுவரோரமாக வளைந்து, வெயில் கோட்டில் ஒருமுறை மின்னி, கட்டிலை நோக்கி வந்தது. வேதாசலத்தால் காலைத் தூக்க முடியவில்லை.

அது பாதத்தைத் தொட்டது. இளஞ்சூடு.

"ஆஆ..." என்று சாம்சன் நிம்மதியாக மூச்சு விட்டான். தலை மெல்லத் திரும்பத் தொடங்கியது.

"கலங்கல் போவுது முதலாளி."

கணுக்கால்வரை வந்துவிட்டது. நீர் இன்னும் விழுந்துகொண்டிருந்தது.